மீன் ஏறாத நாள்களுக்கு: இணையத்தில் நல்ல சைவச் செய்முறையைத் தேடி எடுக்கும் வழி

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், கீழக்கரை என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பெரும்பாலான வீடுகளின் சமையல் மீனைச் சுற்றியே அமைந்திருக்கிறது. கரைக்கு இன்று என்ன வந்தது என்று தெரிந்த பிறகுதான் மதியத்துக் குழம்பு முடிவாகும். அப்படிப்பட்ட வீடுகளிலும் அடுப்பில் மீன் ஏறாத நாள்கள் உண்டு. புரட்டாசி முழுவதும் சைவம் காப்பவர்கள் இருக்கிறார்கள். அமாவாசை தவறாதவர்கள் இருக்கிறார்கள். சபரிமலைக்கு மாலை போட்ட வீட்டில் மாலை இறங்கும்வரை மீன் சட்டி கவிழ்த்தே கிடக்கும். தவக்காலத்தில் இறைச்சியோடு மீனையும் விலக்கும் குடும்பங்களும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்பதால், நாட்டுப்படகுகளில் வரும் மீனின் விலை ஏறிப் பல வீடுகள் காய்கறிப் பக்கம் திரும்புகின்றன.

எங்கள் வீட்டுக்கு இந்தத் தேவை நிலையாகவே வந்துவிட்டது. என் கணவரின் தாயார், நான் அத்தை என்று அழைப்பவர், ஒரு புரட்டாசியில் மீனை விட்டார். ஐப்பசி பிறந்த பிறகும் அதைத் தொடவில்லை. சாம்பாரும் இரசமும் ஒரு துவையலும் தவிர வேறு சைவச் சமையல் அறியாத நான், கைப்பேசியில் தேடத் தொடங்கினேன். செய்முறைகள் கணக்கின்றி வந்து விழுந்தன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை வேறொரு ஊரின் தண்ணீரையும் மிளகாயையும் அளவுக் குவளையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதை நான் அப்போது அறியவில்லை. எழுதியதை எழுதியபடியே செய்து பல நாள் குழம்பைக் கெடுத்துக்கொண்ட பிறகே, செய்முறையைத் தேடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது என்பது புரிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக அதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: கூடையைப் பார்த்துவிட்டுத் தேடுங்கள்

தேடுபெட்டியில் "சிறந்த சைவ உணவு" என்று எழுதினால், பனீர் வெண்ணெய் மசாலா, காளான் பிரியாணி, கோபி மஞ்சூரியன் ஆகியவை வரிசையாக வரும். அவற்றில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பாம்பனிலோ தொண்டியிலோ ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நம் வீட்டில் இருப்பது கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், ஒரு மூடித் தேங்காய், கொஞ்சம் மொச்சை ஆகியவைதான். ஆகவே முதலில் வீட்டிலும் சந்தையிலும் இருப்பதைப் பாருங்கள். பிறகு அதில் ஒன்றிரண்டு பொருள்களையும், வேண்டிய பதார்த்தத்தின் வகையையும் சேர்த்துத் தேடுங்கள். "வாழைக்காய் புளிக்குழம்பு", "மொச்சை கத்தரிக்காய் குழம்பு", "முருங்கைக்கீரை துவட்டல்" என்று எழுதினால் வருகிறவை உடனே பயன்படும்.

"சைவம்" என்ற சொல்லைத் தனியாக இட்டுத் தேடாதீர்கள். சிவநெறிக்கும் அதுவே பெயர் என்பதால், சைவ சித்தாந்தமும் திருமுறையும் முன்னே வந்து நிற்கும். "சைவச் சமையல்", "சைவக் குழம்பு" என்று அடுத்த சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள்.

இரண்டாம் படி: ஒரு பொருளின் எல்லாப் பெயர்களையும் அறிந்துகொள்ளுங்கள்

தேடலில் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. ஆனால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு பொருளுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது. நாம் சீனி அவரைக்காய் என்பதைச் சென்னைப் பக்கத்தார் கொத்தவரங்காய் என்று எழுதுவார்கள். நமக்குச் சீனிக்கிழங்கு, அவர்களுக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. பொரிகடலையே பொட்டுக்கடலை, உடைத்தகடலை என்றும் வழங்குகிறது. பாசிப்பருப்பைப் பயத்தம்பருப்பு என்றும், பெருஞ்சீரகத்தைச் சோம்பு என்றும், கொள்ளைக் காணம் என்றும் எழுதியிருப்பார்கள். ஒரு பெயரில் நல்ல செய்முறை கிடைக்காவிட்டால் மறுபெயரில் தேடிப் பாருங்கள். முற்றிலும் வேறு பக்கங்கள் வரும்.

சில சொற்கள் ஒன்றுபோலத் தோன்றி ஏமாற்றும். தெற்கே வெள்ளையாக இருப்பது சீனி. சர்க்கரை என்றால் நாட்டுச்சர்க்கரையை நினைப்பவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். வடமாவட்டத்தார் எழுதிய குறிப்பில் "சர்க்கரை ஒரு கப்" என்றிருந்தால் அது பெரும்பாலும் வெள்ளைச் சீனியே. மல்லி என்று மட்டும் எழுதியிருந்தால் அது விதையா தழையா என்பதைச் செய்முறையின் நடுப்பகுதியைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வறுத்து அரைக்கச் சொன்னால் விதை, இறக்கும்போது தூவச் சொன்னால் தழை.

பதார்த்தங்களின் பெயருக்கும் இது பொருந்தும். கீழக்கரைப் பக்கம் முஸ்லிம் குடும்பங்களில் குழம்பை ஆணம் என்பார்கள். புளியாணம், பருப்பாணம் என்று தேடினால், புளிக்குழம்பு, பருப்புக் குழம்பு என்று தேடும்போது வராத கடற்கரைச் சுவைகள் கிடைக்கும். அவற்றுள் பல இயல்பாகவே மீனும் இறைச்சியும் இல்லாதவை. தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமென்றால் கூட்டு, பொரியல் என்பவற்றோடு வெஞ்சனம், துவட்டல், வதக்கல் என்ற சொற்களையும் இட்டுப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் தேடும்போது கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். முருங்கைக்காய்க்கு நாம் டிரம்ஸ்டிக் என்போம். மேல்நாடுகளில் அந்தச் சொல்லுக்குக் கோழிக்கால் என்று பொருள். சைவம் தேடப் போய்ப் பக்கம் முழுக்கக் கோழிக்காலைப் பார்த்துத் திகைத்தவள் நான். மொரிங்கா என்றோ சாம்பார் என்றோ ஒரு சொல்லைச் சேர்த்தால் அது சரியாகும். கத்தரிக்காய்க்கு இந்தியாவில் பிரிஞ்சால், இங்கிலாந்தில் ஆபர்ஜின், அமெரிக்காவில் எக்பிளாண்ட். பிளாக் கிராம் என்றால் உளுந்து, பெங்கால் கிராம் என்றால் கடலை, ரெட் கிராம் என்றால் துவரை, கிராம் ஃபிளவர் என்றால் கடலை மாவு. இவற்றை ஒருமுறை நோட்டில் எழுதி அடுப்பங்கரையில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: தேடுபெட்டிக்குச் சரியாகச் சொல்லுங்கள்

கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டச்சு கைவராதவர்கள் ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பேசியே தேடலாம். தமிழிலும் தேடுங்கள், ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல்லை எழுதியும் தேடுங்கள், ஏனெனில் தமிழர்கள் எழுதும் செய்முறைகளில் கணிசமானவை ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. அப்படி எழுதும்போது குழம்பு என்பதிலுள்ள ழகரத்தைச் சிலர் இசட், எச் என்ற இரண்டு எழுத்துகளாலும், சிலர் எல் என்ற ஓரெழுத்தாலும் குறிப்பார்கள். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்ப்பது பயன்தரும்.

ஒரு தொடர் அப்படியே வேண்டுமென்றால் மேற்கோள் குறிகளுக்குள் இடுங்கள். ஒரு பொருள் வேண்டாமென்றால், அதன் முன் இடைவெளி இல்லாமல் ஒரு கழித்தல் குறியை இட்டு எழுதுங்கள். "கேக் செய்முறை" என்று எழுதி, ஓர் இடம் விட்டு, கழித்தல் குறியோடு முட்டை என்று சேர்த்தால், முட்டை என்ற சொல் உள்ள பக்கங்கள் பெரும்பாலும் விலகும். தமிழில் சொல் உருபேற்று மாறுவதால், "முட்டையை அடித்து" என்று எழுதிய பக்கம் தப்பி வந்துவிடவும் கூடும். எனவே சல்லடையை முழுதும் நம்பாமல் கண்ணாலும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அமாவாசைக்கும் திதிக்கும் சமைப்பவர்கள் "வெங்காயம் பூண்டு இல்லாமல்" என்ற தொடரைச் சேர்த்துத் தேடுங்கள். ஆங்கிலத்தில் ஜெயின் ரெசிபி என்று தேடினாலும் அத்தகையவை வரும். ஆனால் சமண மரபில் உருளை, கேரட் முதலிய மண்ணுக்கடியில் விளைபவற்றையும் விலக்குவார்கள் என்பதால் சில குறிப்புகள் நம் தேவைக்கு மேலும் குறுகியிருக்கும். திதிச் சமையலில் எந்தக் காய் ஆகும், எது ஆகாது என்பதை இணையத்தில் கேட்க வேண்டாம். அது வீட்டுக்கு வீடு மாறும். வீட்டுப் பெரியவர்களைக் கேட்பதே முறை.

நான்காம் படி: எங்கே தேடுவது

மும்பையைச் சேர்ந்த சமையற்கலை எழுத்தாளர் தர்லா தலால் 2013-இல் மறைந்தார். அவர் பெயரில் இயங்கும் தளம் சைவச் செய்முறைகளுக்கே உரியது. வட இந்தியப் பருப்பு வகைகள், ரொட்டி, முட்டையில்லாத கேக் ஆகியவற்றுக்கு அது நல்ல தொடக்கம். நம் பக்கத்துப் புளிக்கும் தேங்காய்க்கும் அதை நாடுவதில் பயன் குறைவு.

சிறுதானியங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் தமிழிலேயே குறிப்புகள் உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய தமிழ் நூல்களைத் துழாவலாம். பழைய சமையல் நூல்களில் படியும் பலமும் வீசையும் அளவாக இருக்கும் என்பதால் பொறுமை வேண்டும். ஆனால் இன்றைய காணொளிகள் விட்டுவிட்ட கீரைகளும் வற்றல்களும் அவற்றில் கிடைக்கும். யாழ்ப்பாணத்துச் சைவச் சமையலும் நம் நாக்குக்கு அந்நியமன்று. தேங்காய்ப்பால் சொதியும் ஒடியல் மாவும் பனைமரம் நிறைந்த ஒரு நாட்டிலிருந்து வருபவை. நம் கரையிலும் பனங்கிழங்கும் கருப்பட்டியும் உண்டு.

காணொளிகளைப் பொறுத்தவரை, ஒரு நிமிடக் குறுங்காணொளிகளைச் செய்முறையாகக் கொள்ளாதீர்கள். ஊறவைக்கும் நேரத்தையும் வேகும் நேரத்தையும் வெட்டிய பிறகே அவை ஒரு நிமிடமாகின்றன. நீண்ட காணொளியைக் கடைசிவரை ஒருமுறை பார்த்து, அளவுகளைத் தாளில் எழுதிக்கொண்டு, பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். எண்ணெய்க் கையோடு திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதற்குள் தாளிப்பு கருகிவிடும்.

ஐந்தாம் படி: சமைக்கும் முன் செய்முறையைச் சோதியுங்கள்

ஒரு செய்முறையை எழுதியவர் அதை உண்மையில் சமைத்தவரா என்பதைப் படித்தே ஓரளவு அறியலாம். பொருள் பட்டியலில் உள்ளவை எல்லாம் செய்முறையில் வருகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். பட்டியலில் வெந்தயம் இருந்து, அதை எப்போது போடுவது என்று கடைசிவரை சொல்லாவிட்டால், அது எங்கிருந்தோ படியெடுத்து ஒட்டியதாக இருக்கக்கூடும். நேரத்தை மட்டும் சொல்லாமல் அடையாளத்தையும் சொல்பவரை நம்பலாம். "பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள்" என்பதைவிட, "புளியின் பச்சை வாடை போய் எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்கவிடுங்கள்" என்பது சமைத்தவரின் எழுத்து. சின்ன வெங்காயம் இரண்டு நிமிடத்தில் பொன்னிறமாகும் என்று எழுதியிருந்தால், அவர் அடுப்புப் பக்கம் போகவில்லை என்று கொள்ளலாம். மிதமான தீயில் அதற்குப் பத்து நிமிடமாவது ஆகும்.

கீழே சமைத்துப் பார்த்தவர்கள் எழுதியவற்றில், "அருமை", "சூப்பர்" என்பவற்றைக் கடந்து செல்லுங்கள். "புளி அதிகமாகிவிட்டது, பாதியாகக் குறைத்தேன்" என்று எழுதியவர்தான் உண்மையில் சமைத்தவர்; அந்த ஒரு வரி நமக்குப் பெரும் உதவி. இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் செய்முறைகளும் படங்களும் பெருகியிருக்கின்றன. அவை படிக்கச் சரளமாக இருந்தாலும் எந்த அடுப்பிலும் ஏறிப் பார்த்தவை அல்ல. அளவு பிசகியிருந்தால் அதைச் சொல்ல ஆளில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கைகொடுத்தது வேறொரு பழக்கம். ஒரே பதார்த்தத்துக்கு மூன்று செய்முறைகளை எடுத்து, தாளில் மூன்று பத்திகளாக எழுதி, அருகருகே வைத்துப் பார்ப்பேன். எடுத்துக்காட்டாக, மீன் குழம்பின் சுவையிலேயே வாழைக்காயை வைத்துச் செய்யும் குழம்பை எடுத்துக்கொள்வோம். கடற்கரை வீட்டில் சைவம் தொடங்குபவர்களுக்கு இதைவிட ஆறுதலான குழம்பு இல்லை. நான் எடுத்த மூன்றிலும் கெட்டியான புளிக்கரைசல், மல்லியும் மிளகாயும் அரைத்த பொடி, வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, நல்லெண்ணெய் ஆகிய ஆறும் இருந்தன. அப்படியானால் அந்த ஆறுதான் குழம்பின் உடம்பு. அவற்றுள் ஒன்றையும் விடக்கூடாது. தேங்காய் அரைத்து ஊற்றுவது ஒன்றில் இருந்தது, மற்ற இரண்டில் இல்லை. மாங்காய்த் துண்டு ஒன்றில் மட்டும் இருந்தது. இவை எழுதியவரின் விருப்பம். நாமும் நம் விருப்பம்போல மாற்றிக்கொள்ளலாம்.

அதே தாளில் ஒரு பிழையும் தெரிந்தது. இரண்டு செய்முறைகள் வாழைக்காயை மஞ்சளும் உப்பும் பிரட்டி எண்ணெயில் முதலில் வறுத்துக்கொள்ளச் சொல்ல, மூன்றாவது மட்டும் பச்சையாகவே புளிக்கரைசலில் போடச் சொன்னது. புளிப்பில் காய் சீக்கிரம் மெத்தென்று ஆகாது. வாழைக்காய் நடுவில் கடினமாகவே நிற்கும். வறுத்த துண்டை, குழம்பு எண்ணெய் பிரிந்த பிறகு போட்டு, ஐந்து நிமிடம் கொதித்ததும் இறக்கினால், துண்டு கரையாமலும் உள்ளே சாறு இறங்கியும் இருக்கும். ஒரே ஒரு செய்முறையை மட்டும் படித்திருந்தால் இது எனக்குத் தெரிந்திராது.

இதே வழியில் சைவ ஈரல் குழம்பையும் தேடிப் பாருங்கள். பாசிப்பயற்றை நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, சோம்பும் மிளகாயும் சேர்த்துக் கெட்டியாக அரைத்து, இட்லித் தட்டில் அவித்து, துண்டு போட்டு மசாலாக் குழம்பில் சேர்ப்பது அது. கறிக்குழம்புக்குப் பழகிய பிள்ளைகளும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

ஆறாம் படி: உண்மையிலேயே சைவம்தானா என்று பாருங்கள்

ஆங்கிலத்தில் வெஜிடேரியன் என்று குறித்த செய்முறைகளில் முட்டை இருப்பது மேல்நாட்டார்க்கு இயல்பு. நம் வீட்டில் முட்டை சைவம் ஆகாது. இந்திய உணவுப் பொட்டலங்களிலும் முட்டை சேர்ந்தால் பச்சைப் புள்ளி இடுவதில்லை. வீகன் என்று குறித்தால் பாலும் நெய்யும்கூட இராது.

ஒளிந்து வருபவை சில உண்டு. தாய்லாந்துக் குழம்பு விழுதுகளில் மீன் சாறும் இறாலும் இருக்கும். வோர்செஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி வகை மீன் சேர்வது வழக்கம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்னும் இத்தாலியப் பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறையவைக்கிறார்கள். இலங்கைச் சம்பல் செய்முறைகளில் மாசிக் கருவாட்டுத் தூள் பட்டியலின் நடுவே ஒரு வரியாக வந்து போகும். மாசி நமக்குப் பழகிய பொருள் என்பதாலேயே அதை நம் கண் உறுத்தாமல் கடந்துவிடுகிறது. கடையில் வாங்கும் பொருளில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் முக்கோணம் இருந்தால் அசைவம்.

இனிப்புகளை உறையவைக்கச் சேர்க்கும் ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. அதற்கு மாற்று நம் கடலிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் நம் ஊர்ப் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் பாசிகளில் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் எடுக்கிறார்கள். நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் கடற்பாசி என்று காய்ச்சி உறையவைப்பதும் அகர்தான். ஆனால் ஜெலட்டினுக்குப் பதில் அப்படியே போட்டுவிட முடியாது. ஜெலட்டினைச் சூடான நீரில் கரைத்தால் போதும். கடற்பாசியை நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் கரைக்க முடியும். 10 கிராம் சுமார் ஒரு லிட்டரை உறையவைக்கும். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதானால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சேருங்கள். புளிப்போடு கொதித்தால் உறைதல் தளர்ந்துவிடும்.

ஏழாம் படி: செய்முறையை நம் அடுப்புக்கு மாற்றுங்கள்

மற்ற ஊர்க்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இந்தப் படி இராது; நமக்கோ இதுவே முக்கியமானது.

முதலில் தண்ணீர். நம் கரையில் பல இடங்களில் கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். அந்த நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடுவதால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு மலராது. நான் முதன்முதலாக மொச்சைக் குழம்பு வைத்தபோது, செய்முறையில் "நான்கு விசில்" என்று இருந்தது. பத்து விசில் கடந்தும் மொச்சை கல்லாகவே கிடந்தது. செய்முறை எழுதியவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்த என்னிடம் அத்தை வந்து சட்டியைப் பார்த்துவிட்டு, "உப்புத் தண்ணியில மொச்ச வேகாதுத்தா, குடிதண்ணிய ஊத்து" என்றார். அன்றிலிருந்து பருப்பும் பயறும் ஊறவைப்பதும் வேகவைப்பதும் குடத்தில் வாங்கும் குடிநீரில்தான். குடிநீர் அருமையான ஊரில் இது செலவுதான்; ஆனால் எரிவாயுவில் அதை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். சிட்டிகைச் சமையல் சோடா பருப்பை விரைவில் குழைக்கும் என்று பல செய்முறைகள் சொல்லும். அது உண்மை, எனினும் பருப்பிலுள்ள பி1 சத்தை அது குறைத்துவிடும். புளியையும் தக்காளியையும் பருப்பு முழுதும் வெந்த பிறகே சேருங்கள்.

அடுத்தது மிளகாய். நம் மாவட்டத்துக் குண்டு மிளகாய், இராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. இது உருண்டையானது, தோல் தடித்தது. செய்முறையில் "வற்றல் மிளகாய் ஆறு" என்று எழுதியவர் மனத்தில் இருப்பது நீட்டு மிளகாயாகவோ, நிறத்துக்காகப் போடும் காரம் குறைந்த காஷ்மீர் மிளகாயாகவோ இருக்கலாம். எண்ணிக்கையை அப்படியே கொள்ளாமல், முதல் முறை பாதியளவு போட்டுச் சுவைத்துப் பார்த்துக் கூட்டுங்கள். சிவப்பு நிறம் குறைகிறதே என்று குண்டு மிளகாயைக் கூட்டிக்கொண்டே போனால் குழம்பை யாரும் வாயில் வைக்க முடியாது.

உப்பிலும் வேறுபாடு உண்டு. வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் வாழும் நாம் பெரும்பாலும் கல் உப்பையே போடுகிறோம். ஒரு கரண்டித் தூள் உப்பைவிட ஒரு கரண்டிக் கல் உப்பு எடை குறைவு, ஏனெனில் கற்களுக்கிடையே இடைவெளி இருக்கிறது. தூள் உப்புக் கணக்கில் எழுதிய செய்முறைக்குக் கல் உப்பைச் சற்றுக் கூட்டியே போட வேண்டியிருக்கும். கரைந்த பிறகு சுவைத்து முடிவு செய்யுங்கள்.

அளவுக் குவளையின் குழப்பம் பலருக்கும் தெரிவதில்லை. அமெரிக்கச் செய்முறையில் ஒரு கப் என்பது சுமார் 240 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியாவில் 250, மின்சாரச் சோற்றுக் குக்கரோடு வரும் குவளையோ 180 மட்டுமே. ஒரு மேசைக்கரண்டி பொதுவாக 15 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியாவில் 20. பழைய கணக்கில் எட்டு ஆழாக்கு ஒரு படி, நான்கு உழக்கு ஒரு படி. ஓர் ஆழாக்கு சுமார் 168 மில்லிலிட்டர். உங்கள் வீட்டு உழக்கும் டம்ளரும் எவ்வளவு கொள்ளும் என்பதை ஒருமுறை அளந்துவிடுங்கள். சிறிய மின்தராசில் வெறும் பாத்திரத்தை வைத்து, எண்ணைப் பூச்சியமாக்கி, நீரை நிரப்பினால், எத்தனை கிராம் காட்டுகிறதோ ஏறத்தாழ அத்தனை மில்லிலிட்டர். அந்த எண்ணைப் பாத்திரத்தின் அடியில் எழுதி ஒட்டிவிடலாம். கிராம் கணக்கில் எழுதிய செய்முறை கிடைத்தால் அதையே முதலில் தேர்ந்தெடுங்கள்; அங்கே இந்தக் குழப்பம் எதுவும் இல்லை.

எட்டாம் படி: உடம்புக்கு ஏற்றதா என்று பாருங்கள்

மீன் தந்துகொண்டிருந்த புரதத்தை வெறும் கத்தரிக்காய்க் குழம்பு தராது. நீண்ட நாள் சைவம் காப்பவர்கள் ஒவ்வொரு வேளைக்கும் பருப்போ பயறோ மொச்சையோ சேரும் செய்முறையாகத் தேடுங்கள். உலர்ந்த பருப்பு வகைகளில் 100 கிராமுக்குச் சுமார் 20 முதல் 24 கிராம் வரை புரதம் இருக்கிறது. பி12 தாவர உணவில் இல்லை என்பதால் பாலும் தயிரும் மோரும் விடாமல் சேர வேண்டும். செய்முறைகளின் அடியில் போடும் சத்துக் கணக்குகள் பெரும்பாலும் கணிப்பொறி போட்டுத் தருபவை. ஐயம் வந்தால் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையைப் பாருங்கள். 528 உணவுப் பொருள்களின் சத்து அதில் உள்ளது.

மருந்து என்று சொல்லி வரும் செய்முறைகளில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பச்சைச் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கச் சொல்லும் காணொளிகள் ஏராளம். சுரைக்காய் கசந்தால் அதில் நஞ்சு இருக்கிறது என்று பொருள், அதைச் சமைக்கவும் கூடாது, சாறெடுக்கவும் கூடாது. ராஜ்மாவை ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் கொதி வந்தபின் குறைந்தது 10 நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். இவற்றைச் சொல்லாமல் விடும் செய்முறை எத்தனை அழகாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

ஒன்பதாம் படி: ஒருமுறை சமைத்து, நோட்டில் எழுதுங்கள்

புதிய செய்முறையை விருந்து நாளில் முயலாதீர்கள். சாதாரண நாளில் பாதியளவில் ஒருமுறை செய்யுங்கள். முதல் முறை எதையும் மாற்றாமல், தண்ணீர், மிளகாய், உப்பு, அளவு ஆகிய நான்கை மட்டும் நம் வீட்டுக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளுங்கள். சுவை பிடித்திருந்தால் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் சேமியுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். தளங்கள் மறையும், காணொளிகள் நீங்கும், புயல் நாளில் இணைப்பும் மின்சாரமும் சேர்ந்தே போகும். ஒரு நோட்டில் உங்கள் வீட்டு உழக்குக் கணக்கில், உங்கள் வீட்டுச் சொற்களில் எழுதிவையுங்கள். யாருடைய செய்முறை என்பதையும், நீங்கள் மாற்றியது எது என்பதையும் ஓரத்தில் குறியுங்கள்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "மொச்சை ஓர் ஆழாக்கு. இரவு முழுவதும் குடிநீரில் ஊறல். குடிநீரிலேயே ஐந்து விசில். கத்தரிக்காய் நான்கு. புளி, பருப்பு வெந்த பிறகு. குண்டு மிளகாய் ஆறு என்று இருந்தது, மூன்று போட்டேன். அத்தை இரண்டாம் முறை சோறு கேட்டார்."